‘எல்லாம் நார்மல்’ என்று ரிப்போர்ட் சொன்ன பிறகும் உடம்பு சரியில்லையா?

34 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதமாகத் தீராத அசதி. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. ராத்திரி படுத்தால் கால்கள் குறுகுறுத்து ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கின்றன. லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்கிறார். மறுநாள் ரிப்போர்ட் வருகிறது. ஹீமோகுளோபின் 12.3. பக்கத்துக் கட்டத்தில் ‘12 முதல் 15 வரை’ என்று அச்சாகியிருக்கிறது. தடித்த எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை. “எல்லாம் நார்மல்தாம்மா, கொஞ்சம் ஓய்வெடுங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த ரிப்போர்ட்டில் இன்னும் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் கதையே வேறு. ஃபெரிட்டின்: 9.

ஹீமோகுளோபின் என்பது ரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருந்துகொண்டு ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். அந்தப் புரதத்தை உண்டாக்க உடம்புக்கு இரும்புச்சத்து வேண்டும். எவ்வளவு இரும்பு கையிருப்பில் இருக்கிறது என்று காட்டுவது ஃபெரிட்டின். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அடியில் ஒரு சாண் தண்ணீர் இருக்கும்வரை கீழே குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். குழாயை மட்டும் திறந்து பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஹீமோகுளோபின் குழாய் என்றால் ஃபெரிட்டின் தொட்டி. முதலில் கரைவது கையிருப்பு. ஹீமோகுளோபின் இறங்குவது கடைசியில்தான். அதற்கு முன்பே அசதியும் முடி உதிர்தலும் கால் குறுகுறுப்பும் வந்துவிடலாம். ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்ன வேண்டும் என்று காரணமில்லாமல் ஆசை வருவதும் இரும்புக் குறைவின் அடையாளங்களில் ஒன்று. இதைக் கேட்டால் பலர் சிரிப்பார்கள். சிலர் மட்டும் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஃபெரிட்டின் ஒரு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு என்பதும் அவர்கள் சொல்வதுதான். தொந்தரவுகளோடு வருபவருக்கு 30-க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் கவனிப்பார்கள். ஆனால் சில லேப் ரிப்போர்ட்டுகளில் பெண்களுக்கான ஃபெரிட்டின் அளவு 10, 11 என்றே தொடங்கும். அந்த லேபில் 12 வந்தாலும் ‘நார்மல்’ என்றுதான் அச்சாகும். ஏன் இப்படி? அதற்கு நார்மல் என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நார்மல் என்பது எங்கிருந்து வருகிறது

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் இருக்கும் அந்த அளவு வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆரோக்கியமாக இருப்பதாகக் கருதப்படும் நிறையப் பேரின் ரத்தத்தை எடுத்து அளந்து, மிகக் குறைவான 2.5 சதவீதத்தையும் மிக அதிகமான 2.5 சதவீதத்தையும் கழித்துவிட்டு, நடுவில் உள்ள 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான பரிசோதனைகளுக்கு அதுதான் ‘நார்மல்’.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, அளக்கப்பட்ட கூட்டத்திலேயே பலருக்குக் குறை இருந்தால் அந்தக் குறையும் நார்மலுக்குள் வந்துவிடும். மாதாமாதம் ரத்தம் இழக்கும் வயதில் இருக்கும் பெண்களில் இரும்புக் குறைவு அவ்வளவு சாதாரணம். ஃபெரிட்டினின் கீழ் எல்லை அவ்வளவு தாழ்வாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இரண்டாவது, ஒரு நோயும் இல்லாதவருக்கும் ஒவ்வொரு பரிசோதனையிலும் அளவுக்கு வெளியே எண் வர 20-ல் 1 வாய்ப்பு இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் சேர்த்துச் செய்தால், அதில் ஒன்றாவது சிவப்பில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். கணக்கு எளிது: 0.95-ஐ இருபது முறை பெருக்கினால் 0.36 வரும், மீதிதான் அது. இதனால்தான் ‘முழு உடல் பரிசோதனை, 80 டெஸ்ட்’ என்ற விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு ஒரு எரிச்சல். உடம்பில் எதுவும் இல்லாதவரையும் ஏதோ ஒரு அம்புக்குறியோடுதான் வீட்டுக்கு அனுப்பும். அப்புறம் அந்த அம்பைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு டெஸ்ட். அதே 80-க்குள் ஃபெரிட்டின் இல்லாமலும் போகும், அதுதான் வேடிக்கை.

பரிசோதனையை ஒரு கேள்வியாகப் பாருங்கள். ‘எனக்கு என்ன?’ என்று பொதுவாகக் கேட்டால் ரத்தத்துக்குப் பதில் சொல்லத் தெரியாது. ‘இந்த அசதிக்கு இரும்புக் குறைவு காரணமா?’ என்று கேட்டால் சொல்லும்.

லேபுக்கு முன்னால் ஒரு நோட்டு

கேள்வி எங்கிருந்து கிடைக்கும்? நீங்கள் எழுதி வைப்பதிலிருந்துதான். ஒரு சின்ன நோட்டோ போனோ போதும். இரண்டு மாதம் எழுதுங்கள். மாதவிடாய் எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எத்தனை நாள் இருந்தது, அதிகமாகப் போன நாளில் எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், கட்டி கட்டியாகப் போனதா, ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா. அசதி, தலைவலி, வலி, படபடப்பு, வெள்ளைப்படுதல் எல்லாம் எந்தத் தேதியில். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் நீங்களே வாங்கிய சத்து மாத்திரைகள் உட்பட.

‘ரொம்ப ப்ளீடிங்’ என்றால் மருத்துவருக்கு எதுவும் புரியாது. ஒருவருக்கு ரொம்ப என்பது இன்னொருவருக்குச் சாதாரணம். ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அதிகம் என்பது பழைய வரையறை. அதை யார் அளந்து பார்க்க முடியும்? ‘ரெண்டாம் நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், ராத்திரி ரெண்டு தடவை எழுந்தேன், எட்டு நாள் இருந்தது’ என்று சொன்னால் அவருக்குப் படம் கண்ணில் தெரியும்.

இப்படி அதிகமாகப் போகிறவருக்கு முதல் பரிசோதனைகள் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் ஃபெரிட்டினும்தான். வயதுக்கு வந்த நாளிலிருந்தே இப்படித்தான் என்றால், அதோடு பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், லேசாக இடித்தாலே கன்றிப்போவது, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காதது என்றெல்லாம் இருந்தால், ரத்தம் உறைவதில் பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1926-ல் பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லெப்ராண்ட் விவரித்த நோய் அதில் முக்கியமானது. அவர் பெயராலேயே வழங்குகிறது. ‘எங்க அம்மாவுக்கும் இப்படித்தான், எங்க பாட்டிக்கும் இப்படித்தான்’ என்று குடும்பமே பழகிப்போன பிறகு இதை நோயென்று யாரும் நினைப்பதில்லை.

தேதி தவறினால் எண்ணும் தவறும்

பெண்களுக்கான பரிசோதனைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஹார்மோன்கள் தினமும் ஒரே அளவில் இருப்பதில்லை. மாதவிடாய்ச் சுழற்சியில் எந்த நாளில் ரத்தம் எடுத்தீர்கள் என்று தெரியாமல் வந்த எண் பாதிக் கடிதம் மாதிரி.

கருமுட்டையை வளரவைக்கும் எஃப்.எஸ்.எச்., அதை வெளியேற்றும் எல்.எச்., சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரடயால் ஆகிய மூன்று ஹார்மோன்களையும் பொதுவாகப் பீரியட்ஸ் ஆரம்பித்த 2-வது அல்லது 3-வது நாளில் பார்ப்பார்கள். முதல் நாள் என்பது ரத்தப்போக்கு சரியாகத் தொடங்கும் நாள். அதற்கு முன் லேசாகக் கறைபடுவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எஃப்.எஸ்.எச்.-ஐ மட்டும் தனியாகப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அன்று எஸ்ட்ரடயால் அதிகமாக இருந்தால் அது எஃப்.எஸ்.எச்.-ஐ அமுக்கி, நல்ல எண்ணாகக் காட்டிவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்தது புரோஜெஸ்டிரோன், கருமுட்டை வெளியான பிறகு ஏறும் ஹார்மோன். இதில் நடக்கும் குழப்பத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கருமுட்டை வெளியானதா என்று தெரிந்துகொள்ள ‘21-வது நாள் புரோஜெஸ்டிரோன்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். இந்த 21 என்பது 28 நாள் சுழற்சி உள்ளவருக்கான கணக்கு. உண்மையில் அவர்கள் கேட்பது, அடுத்த மாதவிடாய் வருவதற்கு ஏறக்குறைய 7 நாளுக்கு முன்னால். ஒருவருக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்றால் அவருக்குக் கருமுட்டை வெளியாவதே 21-வது நாள் வாக்கில்தான். அன்றே போய் ரத்தம் கொடுத்தால் புரோஜெஸ்டிரோன் இன்னும் ஏறியே இருக்காது. 0.8 என்று வரும். ‘கருமுட்டை வெளியாகவில்லை’ என்று முடிவு கட்டுவார்கள். அவரே 28-வது நாள் போயிருந்தால் 11 என்று வந்திருக்கலாம். ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தாலே கருமுட்டை வெளியாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண்ணுக்கு எதுவும் ஆகவில்லை, ஒரு வாரம் முந்திப் போனார், அவ்வளவுதான். எத்தனையாவது நாள் ரத்தம் கொடுத்தீர்கள், பிறகு எந்தத் தேதியில் பீரியட்ஸ் வந்தது என்ற இரண்டையும் ரிப்போர்ட்டின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

மூளைக்கு அடியிலிருந்து சுரக்கும், தாய்ப்பாலுக்கான ஹார்மோனான புரோலாக்டின் இன்னும் தொட்டாற்சிணுங்கி. தூக்கத்தில் ஏறும், பதற்றத்தில் ஏறும், ஊசியைப் பார்த்துப் பயந்தாலே கொஞ்சம் ஏறும். குமட்டலுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் மனநல மருந்துகள் சிலவும் அதை நன்றாகவே ஏற்றிவிடும். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, லேபில் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது. லேசாக அதிகம் என்று வந்தால் மறுபடி ஒருமுறை பார்ப்பதுதான் முதல் வேலை. தலையை ஸ்கேன் செய்ய ஓட வேண்டியதில்லை.

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த மாத்திரை உங்கள் சொந்த ஹார்மோன்களை அடக்கி வைத்திருக்கும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன் பார்த்தால் மாத்திரையின் வேலைதான் தெரியும், உங்கள் சினைப்பையின் வேலை தெரியாது. டெஸ்டோஸ்டிரோனைச் சரியாகப் பார்க்க 3 மாதமாவது இடைவெளி கேட்பார்கள். அந்த மூன்று மாதத்துக்கு வேறு கருத்தடை வழி என்ன என்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

ஏ.எம்.எச். என்ற பரிசோதனை இப்போது எல்லா இடத்திலும் விற்கிறது. சினைப்பையில் உள்ள சின்னச் சின்னக் கருமுட்டைப் பைகள் சுரப்பது அது. சுழற்சியின் எந்த நாளிலும் எடுக்கலாம், பெரிதாக மாறாது. முட்டைகள் எத்தனை மிச்சம் என்பதைத் தோராயமாகச் சொல்லும். முட்டையின் தரத்தைச் சொல்லாது. இயற்கையாகக் கர்ப்பம் தரிக்க முடியுமா என்பதையும் சொல்லாது. செயற்கைக் கருத்தரிப்பில் எவ்வளவு மருந்து கொடுக்கலாம் என்று திட்டமிட அது உதவும். 26 வயதில் ஆர்வத்துக்காகப் பார்த்துவிட்டு, குறைவு என்று தெரிந்து தூக்கம் தொலைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பீரியட்ஸ் வரவில்லை, தள்ளிப்போகிறது

முதல் பரிசோதனை எது தெரியுமா? கர்ப்பப் பரிசோதனை. ‘வாய்ப்பே இல்லை’ என்று சொன்னாலும் மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார். கோபப்பட வேண்டாம்.

அது இல்லையென்றால் அடுத்து தைராய்டு, புரோலாக்டின், அதன் பிறகு பி.சி.ஓ.எஸ்., அதாவது ‘நீர்க்கட்டி’ என்று பலரும் சொல்லும் சினைப்பைக் கோளாறு. இந்தப் பி.சி.ஓ.எஸ்.-ஐ ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையால் உறுதி செய்ய முடியாது. 2003-ல் ராட்டர்டாம் நகரில் நடந்த கூட்டத்தில் வகுத்த விதிதான் இன்றைக்கும் அடிப்படை. மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: கருமுட்டை வெளியாவதில் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் அதிகம் என்பதற்கான அடையாளம் (அது முகத்தில் முடி, தீராத முகப்பரு என்று கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்கலாம், ரத்தத்தில் தெரிவதாகவும் இருக்கலாம்), ஸ்கேனில் சினைப்பைகளில் நிறையச் சின்னப் பைகள். ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். பார்க்கலாம் என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது, அதுவும் வயது வந்த பெண்களுக்கு மட்டும். வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் ஆகாத பெண்பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்தோ ஏ.எம்.எச்.-ஐ வைத்தோ பி.சி.ஓ.எஸ். என்று முத்திரை குத்தக் கூடாது. அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் இருக்கும்.

‘நீர்க்கட்டி’ என்ற பெயர்தான் பாதிப் பயத்துக்குக் காரணம். அவை கட்டிகளே இல்லை. வளர்ந்து வெளியேறாமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். வெட்டி எடுக்க வேண்டியவையும் அல்ல. எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்று சொல்லும் பழைய வழக்கமும் இன்றைய விதிகளில் இல்லை. இதில் மறக்கக் கூடாதது சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை, வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் தப்பிவிடும் சர்க்கரையையும் பிடித்துவிடும்.

‘எனக்குத் தைராய்டு இருக்கு’

எல்லாருக்கும் இருக்கிறது, கழுத்தில்! அது போகட்டும். ‘தைராய்டு அதிகமா இருக்கு’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் தைராய்டு குறைவு. குழப்பம் டி.எஸ்.எச். என்ற எண்ணால் வருவது. டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியில் உண்டாவதில்லை. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி போடும் உத்தரவு அது. தைராய்டு சோம்பினால் பிட்யூட்டரி குரலை உயர்த்தும், டி.எஸ்.எச். ஏறும். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்தால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும், டி.எஸ்.எச். தரையைத் தொடும். ஆக, டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு ஹார்மோன் குறைவு.

பல லேப்களில் 0.4-லிருந்து 4 வரை என்று அளவு இருக்கும். கர்ப்பிணிகளுக்கு இது மாறும். 5.2 என்று ஒருமுறை வந்தால் உடனே வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று அர்த்தமில்லை. ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் தனியாக உலவும் தைராய்டு ஹார்மோன், நன்றாக இருந்தால், சில வாரங்களோ சில மாதங்களோ விட்டு மறுபடி பார்ப்பார்கள். பல நேரம் அது தானே இறங்கிவிடும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் மட்டும் இதைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிரசவமாகி ஓராண்டுக்குள் படபடப்பு, எடை குறைவு, பிறகு அசதி என்று மாறி மாறி வந்தால் அதைக் குழந்தை வளர்க்கும் களைப்பு என்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி என்று ஒன்று இருக்கிறது. முதலில் டி.எஸ்.எச். குறையும், பிறகு ஏறும்.

முடி கொட்டுகிறது என்று பலர் பயோட்டின் மாத்திரை சாப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம். முடி, நகத்துக்கான மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கும். இது உடம்புக்குக் கெடுதல் செய்வதைவிட, லேப் மிஷினை ஏமாற்றுவதில்தான் கெட்டிக்காரன். ரத்தத்தில் ஹார்மோனைப் பிடிக்கப் பல மிஷின்கள் பயோட்டின் ஒட்டிக்கொள்ளும் ஒரு முறையைத்தான் பயன்படுத்துகின்றன. உங்கள் ரத்தத்தில் அது நிரம்பி வழிந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக ஏறியும் காட்டும். இல்லாத தைராய்டு நோய் ரிப்போர்ட்டில் பிறந்துவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனினைக்கூட இது குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. பரிசோதனைக்கு 2 நாளாவது முன்பே நிறுத்திவிடுங்கள், லேபில் சொல்லியும் வையுங்கள். முடி கொட்டுவதற்குக் காரணம் தேடப் போய், அதற்குச் சாப்பிட்ட மாத்திரையே காரணத்தை மறைப்பது வினோதம்தான்.

இப்படி ஒன்று இன்னொன்றைக் கெடுப்பது சர்க்கரையிலும் உண்டு. எச்.பி.ஏ.1.சி. என்பது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால்தான் அந்தக் கணக்கு. இரும்புக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரலாம். 5.8 என்று வந்து ‘சர்க்கரையின் வாசலில் நிற்கிறீர்கள்’ என்று பயமுறுத்தப்பட்டவர் முதலில் ஃபெரிட்டினையும் பார்த்துவிடுவது நல்லது. ஃபெரிட்டினுக்கும் ஒரு குணம் உண்டு: காய்ச்சல், தொற்று, அழற்சி இருந்தால் அது தானாக ஏறிக்கொள்ளும். சளிக்காய்ச்சலோடு போய்க் கொடுத்தால் காலித் தொட்டியும் நிறைந்த மாதிரி தெரியும்.

45-க்குப் பிறகு

திடீரென்று உடம்பெல்லாம் அனல், ராத்திரி வியர்வை, தூக்கமின்மை, மாதவிடாய் தாறுமாறு. 45 வயதைத் தாண்டியவருக்கு இவை இருந்தால் மாதவிடாய் நிற்கும் காலம் என்று சொல்ல ரத்தப் பரிசோதனையே தேவையில்லை. அந்தக் காலத்தில் எஃப்.எஸ்.எச். இன்றைக்கு 40, அடுத்த மாதம் 9 என்று ஊஞ்சலாடும். எந்த நாள் பிடித்தீர்களோ அந்த நாளின் கதைதான். 40-க்கு முன்பே இப்படி ஆனால் அது வேறு விஷயம், கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒரு வருடம் முழுக்க நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு துளியாக இருந்தாலும், லேபுக்குப் போகாதீர்கள். நேராக மகளிர் மருத்துவரிடம் போங்கள். அங்கே வேண்டியது ஸ்கேனும், தேவைப்பட்டால் கருப்பை உள்சவ்வின் திசுப் பரிசோதனையும். ரத்தத்தில் அது தெரியாது.

சிறுநீர், வெள்ளைப்படுதல்

நீர்க்கடுப்புக்குச் சிறுநீர் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ‘எபிதீலியல் செல்கள் அதிகம்’ என்று வந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து கலந்துவிட்டது என்று பொருள், மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். நைட்ரைட் இல்லை என்று வந்தால் தொற்று இல்லை என்றாகிவிடாது. கிருமி நைட்ரைட்டை உண்டாக்க, சிறுநீர்ப்பைக்குள் சிறுநீர் சில மணி நேரம் தங்க வேண்டும். கடுப்பு உள்ளவரோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறார். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்யச் சொன்னால் முதல் ஆண்டிபயாட்டிக் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடுங்கள். முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும்.

வெள்ளைப்படுதல் என்றாலே பூஞ்சை என்று நினைத்து மருந்து வாங்குவது பெரும்பாலும் ஊகம்தான். பிறப்புறுப்பின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் இயல்பாக 4.5-க்குள் இருக்கும். பூஞ்சைத் தொற்றில் அது மாறாது. மீன்வாடையோடு வரும் பாக்டீரியத் தொற்றில் 4.5-ஐத் தாண்டும். ஒரு துண்டுத் தாளும் ஒரு பஞ்சுக் குச்சியும் இதைச் சொல்லிவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு. பால்வினைத் தொற்றுகளில் சில ஒரு தொந்தரவும் தராமல் உள்ளே இருக்கும். அவற்றுக்குக் கிருமியின் மரபணுவையே தேடும் பரிசோதனை இருக்கிறது. கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டலாம்.

ரத்தத்தில் தெரியாதவை

மாதவிடாயின்போது உயிர்போகும் வலி, உறவின்போது வலி, மலம் கழிக்கும்போது வலி. இவை எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், அதாவது கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். அது இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. எல்லா ரிப்போர்ட்டும் சுத்தமாக இருந்தும் அந்த நோய் இருக்கலாம். ‘ரத்தத்துல ஒண்ணும் இல்ல, அப்ப வலி மனசுலதான்’ என்று யாராவது சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

சி.ஏ.125 என்ற எண்ணைச் சினைப்பைப் புற்றுநோய்க்கான பரிசோதனை என்று சொல்வார்கள். 35-க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் மாதவிடாய் நாளில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், ஃபைப்ராய்டு என்ற புற்றுநோயல்லாத கருப்பைக் கட்டியிலும் எண்டோமெட்ரியோசிஸிலும் ஏறும். ஆரம்பநிலைப் புற்றுநோயில் ஏறாமலும் இருக்கும். தொந்தரவில்லாதவர் சும்மா பார்த்துக்கொள்வதற்கான பரிசோதனை இது இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு, அதை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. பரிசோதனையும் அங்குள்ள செல்களைப் பார்க்கும் பாப் பரிசோதனையும் நேர்மாறு: ஒரு தொந்தரவும் இல்லாதபோதே செய்துகொள்ள வேண்டியவை. 30 வயதிலிருந்து எச்.பி.வி. பரிசோதனை, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உறவுக்குப் பின் ரத்தம் படுகிறது என்றால் போன வருட ரிப்போர்ட் நன்றாக இருந்ததே என்று இருந்துவிடக் கூடாது. மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.

லேப் வாசலுக்கே போகக் கூடாத சமயங்களும் உண்டு. நெஞ்சில் அழுத்தம், அதோடு தாடை, முதுகு, கைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல். கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் அடிவயிற்றின் ஒரு பக்கம் கடும் வலி, தலைசுற்றல். மணிக்கு ஒன்றுக்கு மேல் நாப்கின் நனைந்து கண் இருட்டுவது. இதற்கெல்லாம் நேராக அவசர சிகிச்சைதான். ரத்தத்தை அங்கே அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

சரி, நம் 34 வயதுப் பெண்ணுக்கு வருவோம். ஃபெரிட்டின் 9 என்று தெரிந்ததும் இரும்பு மாத்திரை ஆரம்பித்தார். கால் குறுகுறுப்பு முதலில் அடங்கியது. மூன்று மாதம் கழித்து அதே லேபில் பார்த்தபோது 34. வெவ்வேறு லேபில் பார்த்து ஒப்பிடுவதில் பிழை வரும் என்பதால்தான் அதே லேப். மாத்திரையை நிறுத்தி இன்னொரு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடி 14. தொட்டியில் ஊற்றியது எங்கோ ஒழுகுகிறது.

மருத்துவர் இந்த முறை ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, பீரியட்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டார். “எல்லாருக்கும் வர்ற மாதிரிதான் டாக்டர்” என்று சொல்ல வாயெடுத்தவர், போனைத் திறந்து தான் எழுதி வைத்திருந்ததைக் காட்டினார். 14-ந் தேதி: 9 நாப்கின், ராத்திரி இரண்டு முறை, பெரிய கட்டிகள். 15-ந் தேதி: 8. மருத்துவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். கருப்பையின் உட்குழியில் இரண்டு சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு ஒன்று இருந்தது.